ஃபேடர் இல்லாத மிக்சர்: கொழிஞ்சாம்பாறை மேடைகளில் ஓராண்டு

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒலியமைப்புத் தொழில் செய்கிறேன். சித்தூர் வட்டத்துக் கோயில் திருவிழாக்களும் பொள்ளாச்சிப் பக்கத்துக் கல்யாணங்களும்தான் பெரும்பாலான வேலை என்பதால், இன்று நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வைத்த மைக் நாளை செண்டைக்கும் இலைத்தாளத்துக்கும் போகும். மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டிதான் மிக்சர்; ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் கூட்டிக் குறைக்கத் தள்ளும் பிடிதான் ஃபேடர். அப்படி ஒரு ஃபேடர்கூட இல்லாமல் டேப்லெட்டின் தொடுதிரையால் மட்டுமே இயங்கும் 16 மைக் மிக்சர் ஒன்றை ஓராண்டுக்கு முன் வாங்கினேன். ஐபேடைச் செருகி இயக்கும் டிஎல் 1608 மிக்சரை 2012-இல் மேக்கி நிறுவனம் வெளியிட்டபோது, அதைப் பொம்மை என்று ஒதுக்கியவன் நான்.

முதல் ஆதாயம் காலுக்குத்தான். கூட்டத்தின் நடுவே மேசை போட்டு மேடையிலிருந்து தடித்த கேபிள் இழுத்த காலம் போய், மிக்சர் மேடையோரத்திலேயே கிடக்கிறது. தவில்காரர் பக்கத்தில் குந்தி, "அண்ணா, இவ்வளவு போதுமா?" என்று கேட்டுக்கொண்டே மானிட்டரை, அதாவது கலைஞர் தன் வாசிப்பைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரை, ஏற்றிக் கொடுக்க முடிகிறது. மைக் ஊளையிட்டால் ஒலியின் ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ கோட்டில் அந்த இடத்தை விரலால் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். இந்த வேலையில் திருகுகளைவிடத் தொடுதிரையே மேல்.

நிகழ்ச்சி தொடங்கியபின் கதை மாறுகிறது. ஃபேடர்கள் வரிசையாக உள்ள பழைய மிக்சர் மேசையான கன்சோலில் கண் பாடகர் மேல் இருக்கும். மூன்றாவது ஃபேடர் எங்கே என்று விரலுக்குத் தெரியும். கண்ணாடியில் மேடு பள்ளம் இல்லாததால் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்தாக வேண்டியிருக்கிறது, அதற்குள் பல்லவியின் முதல் சொல் போய்விடுகிறது. கன்சோல் ஃபேடரின் ஓட்டம் 100 மில்லிமீட்டர்; என் திரையில் அளந்தேன், 70-தான் வந்தது. தொட்ட இடத்துக்கே ஃபேடர் தாவும்படி செயலியில் அமைந்திருந்ததை நான் கவனிக்காத முதல் கல்யாணத்தில், வரவேற்புரை ஊரையே எழுப்பிவிட்டது. தொட்ட இடத்திலிருந்து இழுத்த அளவு மட்டும் நகரும்படி அன்றிரவே மாற்றினேன். சந்தனம் தொட்ட விரலும் வியர்த்த விரலும் திரையைக் குழப்புவது தனி.

வைஃபை பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு ஒத்திகையில் ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் ஆயிரம் கைப்பேசிகளோடு கூட்டம் வந்த ஒரு திருவிழாவில், பஞ்சவாத்தியம் உச்சத்தை நெருங்கும் வேளையில் அறுந்தது. ஒலி டேப்லெட் வழியாகப் போவதில்லை, கட்டளை மட்டுமே போகிறது என்பதால் சத்தம் நிற்கவில்லை; ஆனால் கொம்பு மைக்கைக் குறைக்க வழியின்றி நின்றேன். இப்போது 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைத் தலைகளுக்கு மேலே, ஸ்டாண்டில் கட்டுகிறேன். மனித உடல் அலைகளை நன்றாகவே விழுங்கும். அதன்பின் இணைப்பு அறுந்ததில்லை.

கல்யாணத்துக்கும் சொற்பொழிவுக்கும் இந்த வகை மிக்சரைத் தயங்காமல் வாங்கலாம். கச்சேரிக்கு, எட்டு ஃபேடர் கொண்ட சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள். அது வரும்வரை, பாடகரின் ஃபேடர் ஓடும் தடத்தின் இருபுறமும் செல்லோடேப் ஒட்டி விரலுக்கு வரப்பு கட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அடுத்த எட்டு மைக்குகளின் சேனல்களுக்குத் திரையைத் தள்ளி, அதே வரப்புக்குள் இலைத்தாளம் வந்து உட்காரும்வரை.