ஒற்றை உடலா, இரட்டை உடலா? பாய்மரப் படகில் குடியேறப் போகிறவர்களுக்கு

படகிலேயே குடியிருந்து கடல் சுற்ற முடிவெடுத்தவர்கள் அடுத்துத் திணறுவது இந்தக் கேள்வியில்தான்: ஒற்றை உடல் கொண்ட மோனோஹல்லா, இரட்டை உடல் கொண்ட கேட்டமரனா?

செலவு: ஒரே நீளம், ஒரே வயது என்றால் மோனோஹல் நன்றாகவே மலிவு. கேட்டமரனுக்குப் பெரும்பாலும் இரண்டு எஞ்சின். ஆயில் மாற்றுவது முதல் எல்லாமே இரண்டு தடவை. அகலம் அதிகம் என்பதால் பல மரினாக்களில் (படகு நிறுத்தும் துறைகளில்) வாடகையும் கூடும்.

குடியிருக்க: இங்கே கேட்டமரன்தான். மோனோஹல் எதிர்க்காற்றில் 15, 20 டிகிரி சாய்ந்தே ஓடும். அடுப்பு ஊசலாடும், சமைப்பவர் இடுப்பில் பட்டை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கேட்டமரனில் மேசைமேல் வைத்த தம்ளர் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எதிர் அலையில், இரண்டு உடல்களையும் இணைக்கும் நடுத்தளத்தின் அடியில் தண்ணீர் வந்து அறையும் சத்தம் தூங்க விடாது. வாங்கும் முன் கொந்தளிப்பில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், சரியா?

பாதுகாப்பு: மோனோஹல்லின் அடியில் கனமான கீல் (நீருக்குள் நீளும் எடைத் தகடு) இருப்பதால் கவிழ்ந்தாலும் பெரும்பாலும் தானே நிமிரும். கேட்டமரன் லேசில் கவிழாது, கவிழ்ந்தால் நிமிராது. அதிகம் சாய்ந்து எச்சரிக்கவும் செய்யாது. அதனால் காற்று ஏறும் முன்பே பாயைக் குறைத்துவிட வேண்டும்.

ஆழம்: 40 அடி மோனோஹல்லுக்கு 2 மீட்டர் வரை மிதப்பாழம் (படகு நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம்). கேட்டமரனுக்கு 1.2 மீட்டர் அளவு. கரைக்கு அருகிலேயே நங்கூரம் போடலாம்.

சுமை: சாமான் ஏற ஏற கேட்டமரனின் வேகம் படுத்துவிடும்.

குழந்தைகளோடு மாதக்கணக்கில் நங்கூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்டமரன். இருவர், அளவான பணம், நீண்ட பெருங்கடல் ஓட்டம் என்றால் மோனோஹல். பணம் இழுபறி என்றால் கேட்டமரனுக்காகக் காத்திருக்காதீர்கள்; சின்ன மோனோஹல்லில் இந்த வருடமே கிளம்புங்கள்.