மேப்பிள் என்ற பெயரில் வந்த துத்தி: குன்னூரில் பத்து வருடம்

2015 ஜூனில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு மேலே நாலு குச்சிகளை நீட்டினார். "இந்தா கண்ணு, எங்கே வேணும்னாலும் சொருகு, வந்துடும்." சொருகினேன். மூன்று பிழைத்தன. ஒன்று வாசலில் மரம் போல நிற்கிறது. இன்னொன்றை வீட்டுக்குள் வைத்தேன். மூன்றாவதை போன்சாய், அதாவது சின்னத் தொட்டியில் குள்ள மரம், ஆக்க முயன்றேன். அந்த மூன்றும் எனக்குக் கற்றுத்தந்ததைத்தான் எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் இதை ஃப்ளவரிங் மேப்பிள் என்பார்கள். இலை மேப்பிள் என்ற குளிர்நாட்டு மரத்தின் இலையைப் போலப் பிரிந்திருக்கும், ஒற்றுமை அவ்வளவுதான். தோட்டக்காரர்கள் சொல்லும் தாவரப் பெயர் அபுட்டிலான், தாவரவியலார் இப்போது இதைக் காலியான்தே என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். பிரேசிலின் தெற்குப் பகுதியும் அதை ஒட்டிய நாடுகளும்தான் இதன் தாய்வீடு. பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் சொந்தம் தெரிந்துவிடும். தலைகீழாகத் தொங்கும் ஆரஞ்சு மணியை விரலால் மெல்லத் தூக்குங்கள். ஐந்து இதழ்கள், அவற்றில் கருஞ்சிவப்பு நரம்புகள், நடுவே செம்பருத்தியில் இருப்பது போலவே மகரந்தத் தண்டு. ஒரு குச்சியை ஒடித்தால் சட்டென்று முறியாது, பட்டை நாராக உரிந்து தொங்கும். நம் ஊர் சாலையோரத்துத் துத்தியை ஒடித்தவர்களுக்கு அந்த நார் பழக்கமானது. ஆமாம், அபுட்டிலான் இனமான பணியாரத் துத்தியும் இதே குடும்பம்தான், மஞ்சள் பூ பூக்கும் உறவுக்காரி.

இது தெரியாமல் முதல் இரண்டு வருடம் மேப்பிளுக்குப் படித்ததையெல்லாம் இதற்குச் செய்தேன். குளிர்காலத்தில் ஓய்வு தேவை என்று தண்ணீரைக் குறைத்தேன், நிழலில் வைத்தேன். இலை பழுத்துக் கொட்டியதுதான் மிச்சம். செம்பருத்தியைப் போல நினைத்து வெயிலும் தண்ணீரும் கொடுத்த பிறகுதான் செடி தெளிந்தது.

வாசல் மரத்தில்தான் எனக்கு முழுத் திருப்தி. மூன்றே வருடத்தில் எட்டடிக்கு மேல் போய்விட்டது. ஆனால் விட்டால் குச்சி குச்சியாக நீண்டு, அடியில் மொட்டையாகி, நுனியில் மட்டும் பூக்கும். பூ வருவது புதுத் தளிரில். அதனால் பிப்ரவரி கடைசியில், பனி போன பின், தேயிலைக்குச் செய்வது போலக் கவாத்து செய்கிறேன். பாதிக்குப் பாதி வெட்டுவேன். முதல் தடவை வெட்டிவிட்டு அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆறு வாரத்தில் நாலா பக்கமும் தளிர் விட்டது, ஏப்ரலில் மணிகள் தொங்க ஆரம்பித்தன. குன்னூர் குளிரில் கிட்டத்தட்ட வருடம் முழுக்க ஏதோ ஒரு கிளையில் பூ இருக்கிறது. உறைபனி விழுகிற பள்ளத்தில் வீடு இருந்தால் சுவரோரமாக நடுங்கள். ஊட்டியில் இருக்கும் என் தோழியின் செடி ஒரு ஜனவரியில் நுனியெல்லாம் கருகி, மார்ச்சில் அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது.

காலையில் தேன்சிட்டு வரும். மணியின் வாய்ப்பக்கம் போவதில்லை. பக்கவாட்டில் கிளையைப் பிடித்துக்கொண்டு, பூவின் அடியில் இருக்கும் பச்சைப் புல்லிவட்டத்துக்கும் இதழுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அலகைச் செருகிவிடும். இந்த ஒரு காட்சிக்காகவே இதை ஜன்னலுக்கு எதிரில் நடச் சொல்வேன்.

வீட்டுக்குள் வளர்ப்பதில் எனக்குக் கலவையான அனுபவம். கிழக்கு ஜன்னலில் நாலு மணி நேரம் நேரடி வெயில் கிடைத்தவரை பூத்தது. சோபா பக்கம் நகர்த்திய மாதமே பூ நின்றது. வெள்ளை ஈ, மாவுப்பூச்சி இரண்டும் வீட்டுச் செடியைத்தான் அதிகம் தேடி வருகின்றன. வாரம் ஒருமுறை இலையின் அடியைத் திருப்பிப் பார்ப்பதும், கண்டவுடன் வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும் அடிப்பதும் எனக்குப் போதுமானதாக இருந்தது. தழைச்சத்து அதிகமான உரம் போட்டால் இலை மட்டும் கை அகலத்துக்கு வரும், பூ வராது. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்கு ஒரு தொட்டி கொடுத்தேன். அப்புறம் மே மாத வெயிலில் மொட்டெல்லாம் உதிர்ந்து, இலை சுருண்டு, ஜூலை வரை தாங்கவில்லை. சமவெளிக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

2019-ல் ஒரு நர்சரியில் இலை முழுக்க மஞ்சள் திட்டுகள் உள்ள செடியை 'அரிய ரகம்' என்று விலை வைத்து விற்றார்கள். தாம்சனி என்ற பழைய ரகம் அது. அந்த மஞ்சளுக்குக் காரணம் அபுட்டிலான் மொசைக் வைரஸ். அழகாகத்தான் இருக்கிறது, செடியும் நன்றாக வளர்கிறது. ஆனால் ஒட்டுக் கட்டினால் பச்சைச் செடிக்கும் வைரஸ் ஏறிவிடும். வாங்குபவர்களிடம் இதைச் சொல்லி விற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் அதைத் தனியாக, அதற்கென்று வேறு கத்தரியோடு வைத்திருக்கிறேன்.

போன்சாய்தான் கடினம். இலையைச் சிறிதாக்கலாம், பூவைச் சிறிதாக்க முடியாது. அரை அடிச் செடியில் ஒன்றரை அங்குல மணி தொங்கினால் கண்ணுக்கு ஒட்டாது. அதனால் பதினாறு அங்குல உயரத்துக்கு விட்டேன், அது சரியாக அமைந்தது. கிளையை வளைக்கக் கம்பி கட்டுவதைப் பச்சைத் தண்டாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும், முற்றினால் கிளை பிளந்துவிடுகிறது. வெட்டிய இடத்திலிருந்து சில சமயம் கிளை பின்னோக்கிக் காய்ந்துகொண்டே போகும், அதனால் கணுவுக்கு மேல் அரை அங்குலம் விட்டு வெட்டுகிறேன். ஆழமில்லாத தட்டுத் தொட்டியில் கோடையில் காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் கேட்கும். ஒருநாள் மறந்தாலும் மாலைக்குள் தலை தொங்கிவிடும், ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

புதிதாக போன்சாய் தொடங்குபவர்கள் இந்தச் செடியிலேயே மெகாபொட்டாமிகம் என்ற வகையைத் தேடுங்கள். சிவப்புத் தொப்பிக்குள்ளிருந்து மஞ்சள் இதழ் எட்டிப் பார்க்கும் சின்னப் பூ, ஒல்லியான இலை, தானாகவே வளைந்து தொங்கும் கிளை. அருவி போலச் சரியும் வடிவத்துக்கு அதுதான் பொருத்தம். போன மழையில் அதில் மூன்று குச்சி வைத்தேன். இரண்டு வேர் பிடித்திருக்கின்றன. ஒன்று எனக்கு, மற்றது பாட்டியின் பேத்திக்கு.