பேடில் ஷிஃப்டருக்கு மறு ஒயரிங்: தண்டையார்பேட்டையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை

திரையில் கார்ப் பந்தயம் ஓட்ட வீட்டில் நானே கட்டிய ரேஸிங் சிமுலேட்டரின் ஸ்டீயரிங்கில் இருக்கும் பேடில் ஷிஃப்டர்கள் (விரலால் இழுத்துக் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்கள்) இரண்டும் கடந்த மழைக்காலத்தில் மக்கர் செய்யத் தொடங்கின. இடப்பக்கப் பேடிலை ஒருமுறை இழுத்தால் நான்காம் கியரிலிருந்து நேரே இரண்டாம் கியருக்கு இறங்கும்; வளைவின் நடுவே அப்படி இறங்கினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாகச் சுற்றும். வலப்பக்கப் பேடிலோ ஸ்டீயரிங் நேராக இருக்கும்வரை ஒழுங்காக இருந்துவிட்டு, இடப்பக்கம் முக்கால் சுற்றுத் திரும்பியதும் ஊமையாகிவிடும். இவற்றைச் சரிசெய்து கொடுத்தது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், ஆட்டோவுக்கும் புல்லட்டுக்கும் ஒயரிங் பார்க்கும் நாலடி அகலக் கடை. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஷட்டரின் மேல் பழைய ஹெட்லைட் ஒன்று தொங்குவதுதான் அடையாளம்.

அங்கே நேராகப் போய்விடவில்லை. முதலில் கேமிங் சாதனங்கள் பழுதுபார்க்கும் ஒரு கடைக்குத்தான் எடுத்துச் சென்றேன். ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், பேடில் இழுப்பைக் கணினிக்குச் சொல்லும் மின்னணு போர்டு போய்விட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். போர்டு போகவில்லை என்பது எனக்குத் தெரியும். ஏனெனில் போர்டின் இரண்டு முனைகளை ஒரு துண்டு ஒயரால் நேரடியாகத் தொட்டால், விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் சாளரத்தில் அந்தந்தப் பொத்தான் தவறாமல் எரிந்தது. பழுது போர்டுக்கும் பேடிலுக்கும் இடையில்தான் இருந்தது.

அந்த இடைவெளியில் இருந்தது என் சோம்பேறித்தனம். என் ஸ்டீயரிங் 900 பாகை, அதாவது ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் சுற்று திரும்பும். பேடிலை இழுத்தால் அழுந்தும் மைக்ரோ சுவிட்ச் இரண்டும் ஸ்டீயரிங்கிலும், யுஎஸ்பி வழியாகத் தன்னைக் கணினிக்கு ஜாய்ஸ்டிக்காகக் காட்டிக்கொள்ளும் ஆர்டுயினோ லியனார்டோ போர்டு கீழே, ஸ்டீயரிங்குக்கு விசை கொடுக்கும் மோட்டார் பக்கத்திலும் இருக்கின்றன. நடுவில் ஓடுவதற்கு, வீட்டில் மிச்சமாகக் கிடந்த லேன் கேபிளை உரித்து அதன் ஒயர்களைப் பயன்படுத்தியிருந்தேன். சுவருக்குள் பதிக்கும் லேன் கேபிளில் ஒவ்வொரு ஒயருக்குள்ளும் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒற்றைச் செம்புக் கம்பி இருக்கும். ஒருமுறை வளைத்துப் பதித்துவிட்டால் காலத்துக்கும் கிடக்கும். நாள்தோறும் நூறு முறை வளைத்தால், கையால் மடக்கி மடக்கி ஒடிக்கும் கட்டுக்கம்பிபோல உள்ளேயே ஒடிந்துவிடும்.

கட்டைப்பையில் ஸ்டீயரிங்கையும் அது திரும்பும் தண்டையும் போர்டோடு போட்டுக்கொண்டு கடைக்குப் போனபோது, உரிமையாளர் அதைக் கையில் வாங்கி, இது எந்த வண்டியுடையது என்று கேட்டார். வண்டியே இல்லை, திரையில் ஓட்டுவது என்று விளக்கினேன். அதை அவர் பொருட்படுத்தவில்லை. திரும்பும் பொருளுக்கு ஒயர் எப்படிப் போகிறது என்பதை மட்டும் பார்த்தார். "தம்பி, பைக்குல ஒயரு எங்க அறும்? ஹேண்டில்பார் திரும்புற எடத்துலதான். இதுவும் அதேதான்" என்றார். இந்தக் கடையைப் பற்றி நான் எழுதுவதற்குக் காரணமே இந்த ஒரு வாக்கியம்தான்: சிமுலேட்டர் கட்டும் நாங்கள் எல்லாரும் பேடிலை மின்னணுச் சங்கதியாகப் பார்க்கிறோம், அவர் அதை வளையும் கம்பியின் சங்கதியாகப் பார்த்தார்.

சோதிக்க அவர் எடுத்தது டெஸ்ட் லேம்ப். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் தொங்கும் சிறு பல்பு. ஐந்து வோல்ட்டில் வேலை செய்யும் போர்டில் அதை வைத்தால் சிப் அங்கேயே கருகிவிடும். "அண்ணா, இருங்க" என்று அவர் கையைப் பிடித்தே நிறுத்தினேன். கோபித்துக்கொள்ளாமல், போர்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒயரை மட்டும் சோதித்தார். பேடிலை அழுத்தியபடி ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்ப, முக்கால் சுற்றில் பல்பு அணைந்தது. அந்த இடத்தை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து மெல்ல இழுத்துக் காட்டினார்: செம்பு முழுதாக இருக்கும் ஒயர் இழுத்தால் நீளாது, உள்ளே அறுந்த ஒயரில் மேலுறை மட்டும் ரப்பர்போல நீண்டு மெலிந்தது. மல்டிமீட்டரோடு இரண்டு வாரம் போராடிய நான் இந்த விரல் சோதனையை அறிந்திருக்கவில்லை. இடப்பக்க ஒயரிலும் அதே கதை. அறுந்த முனைகள் உறைக்குள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் கிடந்ததால், மோட்டார் அதிரும்போது ஒரே இழுப்பைப் போர்டு இரண்டாக எண்ணியிருக்கிறது. சுவிட்ச் முனைகளில் களிம்பும் பூத்திருந்தது. காசிமேட்டுக் கடற்காற்று வீசும் பகுதியில் செம்பைத் திறந்து வைத்தது என் தவறு.

மாற்று ஒயராக அவர் கேட்டது வீட்டில் பழைய லேண்ட்லைன் போன் இருக்கிறதா என்பதுதான். ரிசீவரிலிருந்து போகும் சுருள் ஒயரில் நான்கு இழைகள் உண்டு. நமக்குத் தேவை மூன்று, பேடிலுக்கு ஒன்று வீதம் இரண்டும், அவர் மொழியில் 'எர்த்' எனப்படும் பொது இணைப்பு ஒன்றும். நூலைச் சுற்றி மெல்லிய செம்புத் தகடு சுற்றப்பட்ட இழைகள் அவை. அதனால்தான் ரிசீவரை ஆண்டுக்கணக்கில் முறுக்கினாலும் அறுவதில்லை. ஆனால் ஈயம் வைத்தால் நூல் பொசுங்கிவிடும். எனவே அவர் சால்டரிங்கைத் தொடவே இல்லை. இழையை இரண்டாக மடித்து, சிறிய தம்பிளில் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் கவ்வி) வைத்து நசுக்கி, மேலே ஸ்லீவ் ஏற்றி லைட்டரால் சுருக்கினார். பிறகு ஸ்டீயரிங் தகட்டில் இரண்டு துளை போட்டு, ஒயரை அதனுள் நுழைத்து கேபிள் டையால் கட்டினார். இழுவை முழுவதும் அந்தக் கட்டிலேயே நின்றுவிடும், சுவிட்சின் முனைக்குப் போகாது.

வேலை நடக்கும்போது பேச்சு பந்தயத்துக்குப் போனது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை வருவதற்கு முன் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைச் சிறுவயதில் பார்த்தவர் அவர். நானும் என் பங்குக்கு 1989-இன் ஃபெராரி 640 பற்றிச் சொன்னேன். ஃபார்முலா ஒன்னுக்குப் பேடில் கியரைக் கொண்டுவந்தது அந்தக் கார்தான். பிரேசிலில் தன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மேன்செல் அதில் வென்றார். அந்தப் பந்தயத்தின் நடுவில் அவருக்கு ஸ்டீயரிங்கையே மாற்ற வேண்டியிருந்தது. சோதனை ஓட்டங்களில் கியர்பாக்ஸ் செயலிழந்ததற்கும் பெரும்பாலும் கியர்பாக்ஸ் காரணமில்லை, ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்று மின்சாரம் போதாமற்போனதே காரணம் என்றதும், "பார்த்தியா, எல்லாரும் முதல்ல பெருசத்தான் குத்தம் சொல்வாங்க" என்று சிரித்தார். கேமிங் கடை ஞாபகத்துக்கு வந்தது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் தருவதாகச் சொன்ன வேலை நான்காம் நாள்தான் கைக்கு வந்தது. ஒருநாள் மின்தடை, மற்ற நாள்களில் ஆட்டோக்காரர்கள் வரிசை. போன் செய்தால் எடுக்கமாட்டார். பேடில்கள் இரண்டுக்கும் சிவப்பு ஸ்லீவையே போட்டிருந்ததால், எது இடம் எது வலம் என்று வீட்டில் மீண்டும் சோதிக்க நேர்ந்தது. அதைவிடப் பெரிய பிசகு, வலப்பக்க மைக்ரோ சுவிட்சில் அழுத்தினால் இணையும் முனைக்குப் பதிலாக, அழுத்தினால் பிரியும் முனையில் ஒயரைக் கொடுத்திருந்தார். விளைவாக, பேடிலை இழுக்கும்போது ஒன்றும் நடக்காமல், விரலை விட்ட பிறகு கியர் ஏறியது. முதல் சுற்றில் அதை என் கை மந்தம் என்றே நினைத்துக்கொண்டேன். தம்பிளை அடுத்த முனைக்கு மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்றாலும், கடையிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

அவரால் தீர்க்க முடியாத ஒன்றும் உண்டு, அதை அவரிடம் எதிர்பார்க்கவும் கூடாது. ஒயர் புதிதான பிறகும், மோட்டார் முழு விசையில் இழுக்கும்போது யாரும் தொடாமலேயே எப்போதாவது ஒரு கியர் மாறியது. சுருள் ஒயருக்குக் கவசம் கிடையாது. அது மோட்டாருக்குப் போகும் ஒயரின் பக்கத்திலேயே ஓடுகிறது. பேடில் ஒயரை ஐந்து வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்க போர்டுக்குள் இருக்கும் புல்-அப் மின்தடையோ 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருக்கும் பலவீனமான ஒன்று. அக்கம்பக்கத்து மின் இரைச்சல் அதை எளிதில் அசைத்துவிடும். ஒவ்வொரு பேடில் ஒயருக்கும் போர்டின் பக்கத்தில் 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்றை ஐந்து வோல்ட்டுக்கும், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை எர்த்துக்கும் இணைத்தேன். இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் தாமதம் அரை மில்லி விநாடி அளவுதான் என்பதால் விரலுக்குத் தெரியாது. நிரலிலும் 10 மில்லி விநாடிக்குள் வரும் இரண்டாவது அழுத்தத்தைப் புறக்கணிக்கச் சொல்லிவிட்டேன். அத்தோடு பேய் கியர் ஒழிந்தது. இந்த அளவுக்காவது தானே செய்துகொள்ளத் தெரியாதவர்கள் இந்தக் கடைக்குப் போனால் பாதி வேலையோடுதான் திரும்புவார்கள்.

கூலியும் பொருளும் சேர்த்து 450 ரூபாய் வாங்கினார், ரசீது கிடையாது. ஸ்டீயரிங்கை மட்டும் கொண்டுபோகாமல், அது திரும்பும் தண்டோடு கொண்டுபோவது நல்லது. சுருள் ஒயர் எவ்வளவு நீளம் விட வேண்டும் என்பதை அவர் திருப்பிப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறார். போர்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும். இரண்டு மாதமாக ஏறக்குறைய தினமும் ஓட்டுகிறேன், ஒரு கியர்கூடத் தவறவில்லை. சுருளில் எஞ்சிய நான்காவது இழையின் முனையைத் தனியாக ஸ்லீவ் போட்டு மடித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "ஹாரனுக்கு வெச்சுக்கோ தம்பி" என்றார்.