பெல்ட் மட்டும் போதுமா, கிளட்ச்சையும் கழற்ற வேண்டுமா?

கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் இயங்கும் விடுதியின் பெட்ரோல் கோல்ஃப் கார்ட் என் பொறுப்பில் ஓடுகிறது. கிளம்பும்போது வண்டி உதறினால் இரண்டு வழி இருக்கிறது: எஞ்சினின் சக்தியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெல்ட்டை மட்டும் மாற்றுவது, அல்லது அந்த பெல்ட் சுற்றி ஓடும் கிளட்ச்சையும் கழற்றிப் பார்ப்பது.

பெல்ட்டை மட்டும் மாற்றுவது சுலபம். சாவியை எடுத்துவிட்டு, சக்கரப் பக்கமுள்ள பின்புறக் கிளட்ச்சின் மேலாக பெல்ட்டை இழுத்து உருட்டினால் கழன்று வரும். பழையதைப் புதியதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அகலம் குறைந்து, பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கினால் பெல்ட்டின் ஆயுள் முடிந்தது. தேய்ந்த பெல்ட் எஞ்சின் பக்கமுள்ள முன் கிளட்ச்சில் முழு உயரம் ஏறாது, அதனால் வேகமும் குறையும்.

ஆனால் எங்கள் செம்மண் புழுதிக்கு இது மட்டும் போதாது. முன் கிளட்ச்சுக்குள் இருக்கும் எடைகளிலும் புஷ்களிலும் (நகரும் பாகத்தைத் தாங்கும் வளையங்கள்) புழுதி படிந்தால், பெல்ட்டை இறுக்கும் தட்டு வழுக்கி நகராமல் சிக்கிச் சிக்கி நகரும். புது பெல்ட் போட்டாலும் உதறல் போகாது. தட்டின் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி தட்டுப்பட்டால் தேய்மானம்தான். கிளட்ச்சைக் கழற்ற, அதைத் தண்டிலிருந்து பிரித்தெடுக்கும் புல்லர் போல்ட் வேண்டும். சுத்தியலால் தட்டவே கூடாது, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் பாழாகிவிடும். அரை நாள் வேலை, கூலியும் அதிகம்.

எனக்குக் கிளட்ச்சைக் கழற்றுவதில்தான் நம்பிக்கை. பெல்ட்டில் தேய்மானம் தெரியாமல் உதறினால் தயங்காமல் கழற்றிவிடுங்கள். அப்புறம், பெல்ட் உரசும் முகத்தை உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பெல்ட் வழுக்கும்.