சபைக் கூட்டத்தைக் கலரியில் பார்ப்பதா, போனில் பார்ப்பதா, அறிக்கையாக வாசிப்பதா?

பிரதேச சபையின் மாதக் கூட்டம் பெரும்பாலும் வேலை நாளில், காலை ஒன்பது பத்து மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் மலையில் நிற்பார்கள். வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பிரட்டு முடிந்து, முதல் நிறுவைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். அரச கூட்டங்களை மக்கள் பார்க்க விட வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், கட்டாயம் விட வேண்டும் என்பேன். ஆனால் பார்வையாளர் உட்காரும் கலரி, நேரலை, கூட்டறிக்கை என்று பல வழிகள் இருக்கின்றன. மலையில் கூடையோடு நிற்கும் அந்தப் பெண்ணுக்கு எந்த வழி எட்டுகிறது என்பதை வைத்தே அவற்றை எடைபோடுகிறேன்.

எங்களுக்கு இது புதுப் பிரச்சினை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று கையை விரித்தார்கள். வாக்குப் போட்டோம், உறுப்பினர்களை அனுப்பினோம், ஆனால் சபைப் பணம் தோட்ட எல்லையோடு நின்றுவிட்டது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பெரிய சபைகள் பிரிந்து, அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் சபைகளோடு சேர்ந்து ஆறாயின. கொஞ்சம் பழகுவதற்குள் 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை உறுப்பினர்களே இல்லை, செயலாளர்கள்தான் நிர்வாகத்தைப் பார்த்தார்கள். ஆக, நம் பணத்தை நம் ஆட்கள் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கும் கூட்டம் என்பது தோட்டத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. பார்க்கும் பழக்கத்தையும் இப்போதே தொடங்கினால்தான் உண்டு.

முதலில் கலரி. நேரில் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஈடு இல்லை. யார் வாயைத் திறக்கவே இல்லை, யார் பாதியில் எழுந்து போனார் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊர் ஆள் ஒருவர் பின்வரிசையில் இருக்கிறார் என்றாலே உறுப்பினரின் பேச்சு மாறிவிடும். ஆனால் அதற்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போக வேண்டும். பஸ் காசு தனி. அதனால் கலரி திறந்திருந்தாலும் அங்கே உட்காரப்போவது டவுனில் கடை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒப்பந்தக்காரர். அவர்கள் வருவது நல்லதுதான். ஆனாலும் லயத்து வரிசை வீடுகளின் கூரையைப் பற்றிப் பேசும்போது லயத்தில் இருப்பவர் அங்கே இருக்க மாட்டார்.

அடுத்தது கூட்டறிக்கை. இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. எங்கள் லயத்துக்கு ஏறும் பாதைக்குக் கொங்கிரீட் போட நிதி ஒதுக்கியாகிவிட்டது என்று உறுப்பினர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் இரண்டு போனது, பாதை வரவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அண்ணன் விண்ணப்பம் கொடுத்தார். பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதில் வரவில்லை. மேன்முறையீடு செய்த பிறகுதான் கூட்டறிக்கையின் பிரதி கைக்குக் கிடைத்தது. அதில் எங்கள் பாதைக்கான பணம் வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரே வரி: உறுப்பினர்கள் ஏகமனதாகத் தீர்மானித்தனர்.

அந்த ஒரு வரியை நான் மறக்கவே இல்லை. எங்களிடம் வந்து சொன்னவரும் அந்த ஏகமனதில் இருந்தார். ஏதாவது எதிர்த்துப் பேசினாரா, பேசித் தோற்றாரா, இல்லை சும்மா கையை உயர்த்தினாரா? அறிக்கை அதைச் சொல்லாது. எழுத்தில் இருப்பதால் யாராலும் பிறகு மறுக்க முடியாது, காசும் அதிகம் செலவாகாது. அது கூட்டறிக்கையின் பலம். முடிவு மட்டும் தெரியும், முடிவுக்கு வந்த வழி தெரியாது என்பது அதன் குறை. அதிலும் கேட்டு வாங்கும் அறிக்கை மிகவும் தாமதம். பணம் கைமாறி, வேலையும் முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது.

மூன்றாவது, போனில் பார்ப்பது. இங்கேதான் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். உறுப்பினர் ஒருவர் தன் போனைத் தூக்கிப் பிடித்து, தான் மேசையைத் தட்டிய மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி பேஸ்புக்கில் போடுவது ஒன்று. சபையே ஓர் ஓரத்தில் கமராவை வைத்து, தொடக்கம் முதல் கடைசி வரை வெட்டாமல் பதிவேற்றுவது இன்னொன்று. முதல் வகையைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களின் சண்டைத் துண்டுகள் வட்ஸ்அப்பில் எங்கள் தோட்டம் வரை சுற்றின. அந்தக் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்று கேட்டால் இங்கே ஒருவருக்கும் தெரியாது. கமராவைக் கண்டால் நடிப்பார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் முழுப் பதிவு கையில் இருந்தால் அந்த மூன்று நிமிடத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். மேசையைத் தட்டியவர் அடுத்த தீர்மானத்துக்குச் சத்தமில்லாமல் கை உயர்த்தியதும் அதில் இருக்கும்.

நேரலை என்ற சொல்லில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. கொழுந்து மலையில் நிற்பவர் எப்படி நேரலை பார்ப்பார்? பல லயங்களில் சிக்னல் பிடிக்கவே மேட்டுக்கு ஏற வேண்டும். டேட்டாவுக்கும் காசு. பதிவாக இருந்தால் வேலை முடிந்து, குளித்து, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டுப் பார்க்கலாம். பையன் ஒருவன் இறக்கி வைத்தால் பத்து வீடு பார்க்கும். எந்த நிமிடத்தில் எந்த விடயம் பேசப்பட்டது என்று கீழே எழுதிப் போட்டால் இன்னும் நல்லது. நாலு மணி நேரக் கூட்டத்தை யாரும் முழுக்கப் பார்க்கப் போவதில்லை.

மொழியையும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் வந்த சுற்றறிக்கையை அப்படியே வாசித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டால், கதவு திறந்திருந்தும் எங்களுக்கு அது மூடிய கூட்டம்தான். இரண்டு மொழியிலும் சுருக்கமாவது தர வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் திறந்துவிடலாமா? இல்லை. அஸ்வெசும என்ற அரச உதவித்தொகைக்கான மேன்முறையீட்டில் ஒரு குடும்பத்தின் கடன், நோய், புருஷனின் குடி என்று எல்லாம் வெளியே வரும். அதை ஊர் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் மீதான வன்முறை பற்றிய கூட்டமும் அப்படியே. சம்பள நிர்ணய சபையில் நடக்கும் பேரத்தையும் நேரலையில் காட்டச் சொல்ல மாட்டேன். கடைசி வரை எவ்வளவுக்கு இறங்கி வருவோம் என்பதைத் தொழிற்சங்கம் எல்லோர் முன்னும் சொன்னால் பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. ஆனால் நாள் சம்பளமாக 2021இல் ஆயிரம் ரூபாய்க்கும், 2024இல் 1,350 ரூபாய்க்கும் வெளியே எத்தனை நாள் காத்திருந்தோம்! உள்ளே யார் எதைக் கேட்டார், யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதைப் பேச்சு முடிந்த பிறகாவது எழுத்தில் வெளியிடலாமே.

இவற்றுக்கெல்லாம் முன்பாகத் திறக்க வேண்டியது அனர்த்தம் பற்றிய கூட்டங்கள். சபைக் கூட்டத்தை விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது பிறகு பேசப்பட்டது. எழும்பிப் போகச் சொன்னோம் என்று ஒரு பக்கம், போவதற்குக் காணி எங்கே தந்தீர்கள் என்று மறுபக்கம். எந்த மேசையில் அந்த எச்சரிக்கை வைக்கப்பட்டது, அங்கே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள், மாற்றுக் காணிக்கு யார் பொறுப்பெடுத்தார்? அந்தப் பேச்சை லயத்து மக்கள் தங்கள் காதால் கேட்டிருந்தால் மறுநாளே தோட்டத் தலைவரையும் துரையையும் கிராம உத்தியோகத்தரையும் பிடித்துக் கேட்டிருப்பார்கள். சனம் பீதியடையும் என்று சொல்லி இந்தக் கூட்டங்களை மூடி வைப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. மண்சரிவுக்குப் பயந்து மழை இரவுகளில் விழித்திருப்பவர்கள் நாங்கள். பீதி எங்களுக்குப் புதிதில்லை.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், சபையே எடுத்து வெளியிடும் வெட்டாத பதிவையே எடுப்பேன். இரண்டு எடுக்கலாம் என்றால், கேட்காமலே தரப்படும் தமிழ்க் கூட்டறிக்கையையும் சேர்ப்பேன். அதில் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று பெயரோடு இருக்க வேண்டும். கலரி எப்படியும் திறந்தே இருக்கட்டும், அதற்குச் செலவில்லை. வருடக் கடைசியில் வரவு செலவுத் திட்டத்தைப் பேசும் அந்த ஒரு கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் அந்தக் கலரியில் எங்கள் அம்மாமாரும் உட்காருவார்கள்.

இதற்கெல்லாம் முந்தி ஒரு சின்ன வேலை இருக்கிறது. கூட்டத்துக்கு மூன்று நாளுக்கு முன்பே நிகழ்ச்சி நிரலைத் தமிழில் அச்சடித்துப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். காலை ஆறரைக்கு எல்லோரும் நிற்கும் இடம் அது. எங்கள் பாதைப் பணத்தை மாற்றப் போகிறார்கள் என்பது அன்று அங்கே ஒட்டியிருந்தால், அண்ணன் விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலைந்திருக்க மாட்டார். கூட்டத்துக்கு முதல் நாள் சாயந்தரமே உறுப்பினர் வீட்டு வாசலில் நாற்பது பேர் போய் நின்றிருப்போம்.