ஹனோயில் அதே பெயரில் இன்னொரு ஹோட்டல்: பயணக் கையேட்டோடு போகிறவர்கள் கவனத்துக்கு

திருச்சியிலிருந்து சைகோனுக்கு (ஹோ சி மின் நகரம்) 2023-இல் நேரடி விமானம் வந்த பிறகு, நம் பக்கத்திலிருந்து வியட்நாம் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். பலர் சைகோனோடு நிற்காமல் வடக்கே ஹனோய் வரை போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஹனோயின் பழைய நகரப் பகுதியில், கையேட்டில் பாராட்டி எழுதப்பட்ட ஹோட்டல் இதுதான் என்று சொல்லி வேறொரு ஹோட்டலில் எங்களைத் தங்கவைத்தார்கள். அங்கேயே ஹா லாங் வளைகுடாவுக்கு ஒரு படகுப் பயணத்தையும் விற்றார்கள். இரண்டிலும் பணம் போனது.

ஹோட்டலின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் உண்மையில் இன்னொருவருடையது, அவர் ஒழுங்காகத் தொழில் நடத்துகிறவர். நான் பெயரைப் போட்டால் அடி அவருக்குத்தான் விழும்.

நானும் என் அத்தை மகனும் நொய் பாய் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஊருக்குள் போகும் 86-ஆம் எண் பஸ் அதற்குள் நின்றுவிட்டது. டாக்சிதான் வழி. ஹனோய் டாக்சிக்காரர்கள் போலி ஹோட்டலுக்குக் கொண்டுபோவார்கள், பெயரை மட்டும் சொல்லாமல் முகவரியைக் காட்டுங்கள் என்று எங்கள் கையேட்டிலேயே கட்டம் கட்டிப் போட்டிருந்தது. காட்டினோம். டிரைவர் தலையாட்டினார், வழியில் யாருக்கோ போன் செய்தார், சரியான தெருவிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். பெயர்ப் பலகையில் அதே பெயர். கதவு எண் மட்டும் வேறு.

உள்ளே ரிசப்ஷன் கண்ணாடியில் கையேட்டின் அந்தப் பக்கத்தையே நகலெடுத்து, லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். ஹோட்டல் பெயருக்கு மேல் மஞ்சள் மார்க்கர் கோடு வேறு. எண் ஏன் மாறியிருக்கிறது என்று கேட்டேன். மேசையிலிருந்த பையன் கொஞ்சமும் தடுமாறவில்லை. “உங்கள் புத்தகம் பழசு சார். போன வருஷம் இடம் மாறிவிட்டோம்.”

இதற்கு என்ன பதில் சொல்வது? கையேடு பழையதுதான். எழுதுகிறவர் ஊரைச் சுற்றிப் பார்த்து, எழுதி, அது அச்சாகிக் கடைக்கு வருவதற்குள்ளேயே நிலைமை மாறிவிடும். நாங்கள் வைத்திருந்ததோ பழைய புத்தகக் கடையில் வாங்கிய முந்தைய பதிப்பு. ஹனோயிலிருந்து ஹா லாங்குக்கு நான்கு மணி நேரம் என்று அதில் இருக்கும். ஹாய் போங் வழியாகப் போகும் விரைவுச்சாலை 2018-இல் ஹா லாங்கைத் தொட்ட பிறகு இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். பஸ் கட்டணம், அறை வாடகை எதுவும் அதில் உள்ளபடி இல்லை. பத்து இடத்தில் தப்பு என்று நமக்கே தெரிந்த புத்தகம், பதினோராவது இடத்திலும் தப்பு என்று ஒருவன் சொன்னால் நம்பத்தான் தோன்றும். ஏமாற்றுகிறவனுக்கு இந்த ஒரு சந்தேகம் போதும். போனில் பார்த்தால் தெளியும் என்பீர்கள். அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய அதே பெயரில் மூன்று ஹோட்டல்களைக் காட்டியது போன்.

இருபது டாலர் என்று கையேட்டில் இருந்த அறைக்கு முப்பத்தைந்து கேட்டான். காரணம் அதே, புத்தகம் பழசு. தெருவைப் பார்த்த பால்கனி இருக்கும் என்று படித்திருந்தோம். கிடைத்த அறையில் ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். பழைய நகரத்து வீடுகள் குறுகிய முகப்போடு உள்ளே நீளமாகப் போகிறவை, அதனால் பின்பக்க அறை என்றாலே இப்படித்தான் இருக்கும். தங்குகிறவர் விவரத்தைப் போலீசில் பதிய வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான். அந்த விதி உண்மைதான். ஆனால் பதிந்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம், இவர்கள் கொடுக்கவில்லை.

காலைச் சாப்பாட்டு மேசையிலேயே ஹா லாங் பயணத்தை விற்றான். இன்னொரு லேமினேட் தாளில் ஒரு படகின் படம், அதற்கும் கையேட்டுப் பாராட்டு. ஒரு இரவு படகில் தங்கல், சாப்பாடு, கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகுச் சவாரி எல்லாம் சேர்த்துத் தலைக்கு 130 டாலர். பணத்தைக் கட்டிவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினோம். ஐம்பது அடி நடந்திருக்க மாட்டோம். கையேட்டில் போட்டிருந்த அதே எண்ணில், போட்டிருந்த அதே பால்கனியோடு அசல் ஹோட்டல் நிற்கிறது. எங்கேயும் மாறவில்லை. அந்த ஒரு வரியில் புத்தகம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

“மாப்ளே, நம்மகிட்ட பொய் சொன்னது புக்கு இல்லடா” என்றான் அத்தை மகன்.

அசல் ஹோட்டல்காரம்மா எங்களைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். கையில் புத்தகத்தோடு இப்படி ஆட்கள் வந்து நிற்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. வியட்நாமில் இது புதிதும் அல்ல. சைகோனில் தொடங்கி பேக்பேக்கர்களிடையே பெயர் வாங்கிய சின் கஃபே என்ற பயண நிறுவனத்தின் பெயரில் நாடு முழுக்கப் போலிக் கடைகள் முளைத்தன. பிறகு அந்த நிறுவனமே தன் பெயரை தி சின் டூரிஸ்ட் என்று மாற்றிக்கொண்டது. ஒரு கையேட்டில் நாலு வரி நல்லபடியாக வந்துவிட்டால் வருஷக்கணக்கில் கூட்டம் வரும், அப்புறம் அந்தப் பெயருக்கே ஒரு விலை வந்துவிடுகிறது.

திரும்பிப் போய்ச் சண்டை போட்டோம். அறைப் பணமும் தரமாட்டார்களாம், படகுப் பணமும் தரமாட்டார்களாம். பாஸ்போர்ட்டை மட்டும் வாங்க முடிந்தது.

துவான் சாவ் துறையில் எங்களை ஏற்றிய படகு படத்தில் பார்த்தது அல்ல. ரசீதை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். “டீலக்ஸ்” என்று எழுதியிருந்ததே தவிர, படகின் பெயர் எங்குமே இல்லை. அதே படகில், அதே மாதிரி அறைக்கு ஒரு ஜோடி 85 டாலர் கொடுத்திருந்தது, இன்னொருவர் 150 கொடுத்திருந்தார். எல்லாரும் வெவ்வேறு தரகர்களிடம் வாங்கியவர்கள். கயாக்குக்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். சுங் சோத் குகையையும் தி தோப் தீவின் உச்சியையும் குறை சொல்ல மாட்டேன். யுனெஸ்கோ 1994-இல் பட்டியலில் சேர்த்த இடம், பாறைத் தீவுகள் ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளியே வருவதைப் பார்க்கக் கண் போதாது. கோபத்தோடு போனவனுக்கே அப்படி இருந்தது.

சாப்பாட்டுக் கதை தனி. அத்தை மகன் சுத்த சைவம். படகில் சைவம் கிடைக்கும் என்றவர்கள் ஆம்லெட்டும், மீன் சாற்றில் வதக்கிய கீரையும் வைத்தார்கள். கையேடும் இதில் உதவவில்லை. அதை எழுதியவருக்கு இறைச்சி இல்லையென்றால் சைவம், அவ்வளவுதான். நம் ஆட்கள் “சாய்” என்று பலகை வைத்த கடைகளைத் தேடுங்கள், அவை பௌத்தர்களின் சைவக் கடைகள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே பலர் விரதமாகச் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்கு இன்னும் சுலபமாகக் கிடைக்கும்.

விசா பக்கமும் அப்படித்தான். பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிக்காரர்களுக்கு எத்தனை நாள் விசா வேண்டாம் என்று விவரமாக இருந்தது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு உருப்படியாக ஒன்றும் இல்லை. நமக்கு இ-விசா வேண்டும். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் கொண்ட தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும், அவற்றில் கட்டணம் பல மடங்கு.

இவ்வளவுக்கும் பிறகு புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேனா என்றால், இல்லை. ஹொவான் கியெம் ஏரியிலிருந்து தோங் சுவான் சந்தை வரை போகும் ஒரே நேர்ச்சாலைக்கு ஹாங் தாவ், ஹாங் ங்காங், ஹாங் துவாங் என்று கொஞ்ச தூரத்துக்கு ஒரு பெயர். இதைக் கையேட்டின் வரைபடம் ஒரே பார்வையில் புரியவைத்தது, போன் வைத்துக்கொண்டு அத்தை மகன் சுற்றிச் சுற்றி வந்தான். இருபதாயிரம் டோங் நோட்டும் ஐந்து லட்சம் டோங் நோட்டும் இரண்டும் நீலம், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது. இரண்டுக்கும் நம் பணத்தில் சுமார் 1,600 ரூபாய் வித்தியாசம். அவற்றைத் தனித்தனிப் பையில் வைத்ததால் அந்த வகையில் ஒன்றும் போகவில்லை. வரலாறு, வழி, ஏமாற்று வகைகள் இதற்கெல்லாம் புத்தகத்தை நம்பலாம். விலையையும் தொலைபேசி எண்ணையும் கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

கையேட்டில் உள்ள ஹோட்டலுக்குத்தான் போகிறீர்கள் என்றால், ஊரிலிருந்தே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, கதவு எண்ணையும் வாடகையையும் எழுதி வாங்கிவிடுங்கள். கேட்டால் விமான நிலையத்துக்கு அவர்களே வண்டி அனுப்புவார்கள், உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு டிரைவர் நிற்பார். “இடம் மாறிவிட்டோம்” என்று யாராவது சொன்னால், பையை டாக்சியிலிருந்து இறக்காமல் அந்தப் பழைய எண்ணுக்கு முதலில் போய்ப் பாருங்கள். ஹா லாங் பயணத்துக்குப் படகின் பெயரை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். நாங்கள் திரும்பி வந்து கத்தியதில் கயாக் பணம் மட்டும் டோங்காகக் கிடைத்தது. அந்த லேமினேட் தாள் அப்போதும் கண்ணாடியில் ஒட்டியபடியே இருந்தது.