புது ரோஜா: கலப்பில் பிறப்பதா, கிளையில் கிடைப்பதா?

'பீஸ்' ரோஜாவுக்கு அடிப்படையான இனக்கலப்பை, ரோஜா வளர்ப்பாளர் பிரான்சிஸ் மெயான் பிரான்சில் செய்தது 1935-இல். அந்தப் பெயரோடு அமெரிக்காவில் அது வெளிவந்தது 1945-இல். இடையில் ஒரு உலகப் போரே நடந்துவிட்டது. இன்னும் அழுத்தமான இளஞ்சிவப்போடு வந்த 'சிகாகோ பீஸ்' கதை வேறு. சிகாகோவில் ஒரு தோட்டத்திலிருந்த பீஸ் செடியில் தானாகவே தோன்றியது அது. 1962-இல் விற்பனைக்கு வந்தது. கொடியாக ஏறும் 'கிளைம்பிங் பீஸ்' கூட இப்படிக் கிடைத்ததுதான். இந்த மாதிரி மாறிய கிளையை ரோஜாக்காரர்கள் 'ஸ்போர்ட்' என்பார்கள்.

ஸ்போர்ட்டில் வேலை குறைவு. நிறம் மாறிய கிளையிலிருந்து ஒரு மொட்டை எடுத்து வேர்ச்செடியில் (வேருக்காக வளர்க்கும் வேறொரு ரோஜாச் செடியில்) ஒட்டுக்கட்டினால் போதும். ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு குணம்தான் மாறியிருக்கும். இலை, முள், வாசனை, நோய் தாங்கும் சக்தி எல்லாம் தாய்ச்செடியினுடையவை. சில ஸ்போர்ட்டுகள் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். கொடி வகையை ஒட்ட வெட்டினால் சில சமயம் மறுபடி புதராகிவிடும். அதனால் இரண்டு மூன்று முறை ஒட்டுக்கட்டிப் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது.

கலப்பு அப்படியல்ல. பூ விரியும் முன்பே இதழையும் மகரந்தப் பைகளையும் நீக்கி, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். காய் பழுக்க ஏறத்தாழ நான்கு மாதம். அப்புறம் விதையை ஈரமாகவே சில வாரம் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். முளைக்கும் நாற்றுகளில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது, முக்கால்வாசி குப்பைக்குத்தான் போகும். இருந்தாலும் செடியின் உடம்பையே மாற்றுவதற்கு இதுதான் வழி.

நம் வெயிலுக்கு அதுதான் தேவை. ஐரோப்பியக் குளிருக்கு உருவான செடியில் நிறத்தை மட்டும் மாற்றி என்ன பயன்? கொடைக்கானலில் புது ரோஜாக்களை உருவாக்கிய எம்.எஸ்.வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் இரண்டு காட்டு ரோஜாக்களை, மணிப்பூர் மலைகளின் ரோசா ஜைஜாண்டியாவையும், தண்ணீர் தேங்கும் இடத்திலும் வளரும் ரோசா கிளினோஃபில்லாவையும் கலப்புக்கு எடுத்தது இதற்காகத்தான். எளிய வேலையல்ல. தோட்ட ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு தொகுதி குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்), ஜைஜாண்டியாவுக்கு இரண்டுதான். இரண்டும் தன்னிடமுள்ளதில் பாதியைத் தருவதால் பிள்ளைக்கு மூன்று வந்து சேரும். அது பெரும்பாலும் விதை தராது.

நீல ரோஜாவை இரண்டு வழியும் தரவில்லை. பேன்சிப் பூவின் மரபணுவைப் புகுத்தி சன்டோரி நிறுவனம் 2009-இல் ஜப்பானில் விற்ற 'அப்ளாஸ்' கூட இளம் ஊதாதான்.

நிறம் மட்டும் போதும் என்றால், சரி, இருக்கிற செடியின் கிளைகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். வளரும் விதமே மாற வேண்டும் என்றால் கலந்து பாருங்கள். அடிக்கடி பூக்கும் ரகங்களின் நாற்று, முளைத்த இரண்டு மாதத்திலேயே முதல் பூவைக் காட்டிவிடும். காட்டு ரோஜாவின் பிள்ளை மட்டும் முதல் ஆண்டு படர்ந்துகொண்டே போகும், பூக்காது. அதைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டு கொடுங்கள்.